டோக்கியோவில் குறைந்த செலவில் தங்க நிஷி-கசாய்

டோக்கியோவுக்கு முதன்முறை செல்பவர்கள் தங்குமிடம் தேடும்போது ஷின்ஜுகு, அசாகுசா, உவேனோ என்ற மூன்று பெயர்களுக்குள்ளேயே சுற்றி வருகிறார்கள். பயண நூல்களும் காணொளிகளும் அந்தப் பெயர்களையே திரும்பத் திரும்பச் சொல்வதால் அது இயல்புதான். ஆனால் 2024-இல் மட்டும் 3 கோடியே 68 லட்சத்துக்கும் அதிகமான வெளிநாட்டவர் ஜப்பானுக்கு வந்திருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் இதே இடங்களில்தான் அறை தேடுகிறார்கள் என்பதால், அங்கே பெட்டியை விரித்து வைக்கக்கூட இடமில்லாத ஓர் அறைக்கு நம் ஊர் நட்சத்திர விடுதியின் வாடகையைக் கேட்கிறார்கள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், எடோகாவா வட்டாரத்தில் இருக்கும் நிஷி-கசாயில் தங்கிப் பார்த்த பிறகு, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு, குறிப்பாகச் சைவ உணவு உண்பவர்களுக்கு, இந்தப் பகுதியை மனதாரப் பரிந்துரைக்க முடியும் என்ற முடிவுக்கு வந்தேன். அந்தப் பரிந்துரைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன்.

டோக்கியோவில் ஒரு விடுதியின் தரத்தைவிட, அது எந்த ரயில் பாதையின் மேல் இருக்கிறது என்பதே நம் நாளைத் தீர்மானிக்கிறது. நிஷி-கசாய், டோக்கியோ மெட்ரோவின் டோசாய் பாதையில் இருக்கிறது. மேற்கே நகானோவில் தொடங்கிக் கிழக்கே நிஷி-ஃபுனாபாஷி வரை 30.8 கிலோமீட்டர் நகரத்தைக் குறுக்காக வெட்டிச் செல்லும் பாதை இது. நிஷி-கசாயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் நிஹோம்பாஷி, ஏழாவது ஒட்டேமாச்சி. ஒட்டேமாச்சிக்கு சுமார் 9 கிலோமீட்டர், கட்டணம் 210 யென், கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஒட்டேமாச்சியிலிருந்து டோக்கியோ தலைமை ரயில் நிலையத்துக்கும் பேரரசர் அரண்மனையின் கிழக்குத் தோட்டத்துக்கும் நடந்தே போகலாம். செர்ரி மலரும் காலத்தில் கூட்டம் அலைமோதும் சிதோரிகாஃபுச்சி அகழிக்கு அருகிலுள்ள குதான்ஷிதா, பழைய சந்துகளும் சிறு உணவகங்களும் நிறைந்த ககுராசாகா, பல்கலைக்கழகப் பகுதியான வசேதா ஆகிய அனைத்தும் இதே பாதையில், வண்டி மாறாமலேயே வருகின்றன. அசாகுசா, உவேனோ இரண்டுக்கும் நிஹோம்பாஷியில் கின்ஸா பாதைக்கு ஒருமுறை மாறினால் போதும்.

வேறொரு வசதியும் இதில் அடங்கியிருக்கிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று 24, 48, 72 மணி நேரக் கணக்கில் விற்கப்படும் டோக்கியோ சப்வே டிக்கெட், டோக்கியோ மெட்ரோவிலும் டோயெய் சுரங்க ரயிலிலும் மட்டுமே செல்லும், ஜே.ஆர் (ஜப்பான் ரயில்வே) வண்டிகளில் செல்லாது. புறநகரில் மலிவாக அறை கிடைக்கிறதே என்று ஜே.ஆர் பாதையில் உள்ள நிலையத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள், ஒவ்வொரு நாளும் புறப்படும்போதும் திரும்பும்போதும் தனியாகக் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். நிஷி-கசாய் மெட்ரோ நிலையம் என்பதால் விடுதி வாசல் வரை அந்த ஒரே சீட்டு பயன்படுகிறது. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இது சிறிய தொகையல்ல.

விமான நிலையப் பயணம் நான் எதிர்பார்த்ததைவிட எளிது. ஹனேடாவிலிருந்து கெய்க்யூ நிறுவனத்தின் வண்டி நேரடியாக டோயெய் அசாகுசா பாதைக்குள் நுழைந்து நிஹோம்பாஷிக்கு வருகிறது. நரிட்டாவிலிருந்து கெய்செய் நிறுவனத்தின் அக்சஸ் எக்ஸ்பிரஸ் வண்டியும் அதே அசாகுசா பாதையின் வழியே அதே நிஹோம்பாஷிக்கு வருகிறது. ஆக, எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் நிஹோம்பாஷியில் ஒரே ஒருமுறை மாறினால் நிஷி-கசாய் வந்துவிடும். ஆனால் அக்சஸ் எக்ஸ்பிரஸ் எல்லா நேரத்திலும் அடிக்கடி ஓடுவதில்லை; தரையிறங்கும் நேரத்தோடு கால அட்டவணையை முன்கூட்டியே ஒப்பிட்டு வைத்துக்கொள்வது நல்லது. நிஹோம்பாஷியில் இரண்டு பாதைகளுக்கும் இடையே பெட்டிகளோடு சிறிது தூரம் நடக்கவும் வேண்டும்.

டோசாய் பாதையைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, அதில் ஓடும் விரைவு வண்டி தோயோச்சோவை விட்டால் அடுத்து உராயாசுவில்தான் நிற்கும்; இடையில் இருக்கும் மினாமி-சுனாமாச்சி, நிஷி-கசாய், கசாய் மூன்றையும் தாண்டிப் போய்விடும். நாள் முழுதும் சுற்றிக் களைத்துத் திரும்பும்போது, வந்து நிற்கும் முதல் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடத்தான் மனம் சொல்லும். நடைமேடைப் பலகையில் சாதாரண வண்டியா என்று பார்த்து ஏறுங்கள். இரண்டாவது, காலை நெரிசல். கொரோனாவுக்கு முந்தைய 2019-ஆம் நிதியாண்டுக் கணக்கில் இந்தப் பாதையின் கிபா - மொன்சென்-நகாச்சோ பகுதியில் உச்ச நேர நெரிசல் 199 சதவீதம், அதாவது வண்டியின் கொள்ளளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்குப் பயணிகள். ஜப்பானிலேயே மிக மோசமான நெரிசல்களில் அது ஒன்று. இப்போது அந்த அளவுக்கு இல்லையென்றாலும், வேலைநாட்களில் காலை ஏழரை முதல் எட்டரை வரை நகருக்குள் செல்லும் வண்டியில் குழந்தைகளுடனும் முதியவர்களுடனும் ஏற முயலக் கூடாது. ஒன்பது மணிக்குப் பிறகு அதே நடைமேடை முற்றிலும் வேறாக இருக்கிறது. காலை உச்ச நேரத்தில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி விடப்படுவதால், தனியாகச் செல்லும் பெண்கள் அதற்கான அடையாளத்தை நடைமேடைத் தரையில் பார்த்து அங்கே நிற்கலாம்.

இந்தப் பகுதியில் இந்தியர்கள் ஏன் இவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கான விடையிலேயே, பயணிக்கும் இது ஏன் ஏற்ற இடம் என்பதும் இருக்கிறது. 2000-ஆவது ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய ஜப்பானிய நிறுவனங்கள் இந்திய மென்பொருள் பொறியாளர்களை வரவழைத்தபோது, அவர்களில் பலர் வேலை செய்த நிதி நிறுவனங்கள் ஒட்டேமாச்சி, கயாபாச்சோ பக்கம் இருந்தன. அங்கே ஒரே வண்டியில் போய்ச் சேரக்கூடிய, வாடகை குறைந்த பகுதியாக நிஷி-கசாய் அமைந்தது. ஜப்பானில் வீடு வாடகைக்கு எடுக்க உள்ளூர் ஜாமீன்தாரரும், வீட்டு உரிமையாளருக்குத் திரும்பிவராத ஓர் அன்பளிப்புத் தொகையும் கேட்பது வழக்கம். பொதுத்துறையைச் சேர்ந்த யூ.ஆர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் அந்த இரண்டையும் கேட்பதில்லை. அவை இந்த நிலையத்தைச் சுற்றி நிறைய இருக்கின்றன. பொறியாளர்களின் பின்னால் குடும்பங்கள் வந்தன, குடும்பங்களின் பின்னால் மளிகைக் கடைகளும் பள்ளிகளும் உணவகங்களும் வந்தன. இன்று டோக்கியோவின் 23 வட்டாரங்களில் இந்தியர் அதிகம் வாழ்வது எடோகாவாவில்தான். சுற்றுலாவுக்காக ஒப்பனை செய்யப்பட்ட இந்தியத் தெரு எதுவும் இங்கே இல்லை. ஜப்பானியக் குடும்பங்கள் வாழும் சாதாரணக் குடியிருப்புப் பகுதியில், மாலையில் பூங்கா ஊஞ்சலருகே தமிழிலும் தெலுங்கிலும் பிள்ளைகளைக் கூப்பிடும் குரல்கள் கேட்கும். அவ்வளவுதான்.

விடுதிகளுக்கு வருவோம். டோயோகோ இன், ஸ்மைல் ஹோட்டல் போன்ற சங்கிலி நிறுவனங்களின் கிளைகள் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளன. டோயோகோ இன் விடுதிகளில் காலை உணவு அறை வாடகையோடு சேர்ந்தது என்பது கூடுதல் அனுகூலம். நான் தங்கியது இவை அல்லாத வேறொன்று; பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், ஏனெனில் அதன் நிறைகுறைகள் பெரும்பாலும் சிறிய அறைகளும் குறைந்த வாடகையும் கொண்ட இந்த வகை பிசினஸ் ஹோட்டல்கள் அனைத்துக்கும் பொதுவானவை. வாரநாட்களில் 10,000 யென்னுக்குள் ஒருவருக்கான அறை கிடைத்தது. அதே நாட்களில் அதே தரத்தில் ஷின்ஜுகுவில் கேட்ட தொகை இதைவிட வெகு அதிகம்.

அறை சுமார் 12 சதுர மீட்டர். கதவைத் திறந்ததும் வலப்பக்கம் குளியலறை, இடப்பக்கம் கோட்டு மாட்டும் கொக்கிகள், இரண்டடி நடந்தால் கட்டில், கட்டிலின் காலடியில் சுவரோடு ஒட்டிய நீண்ட மேசை. அதன் மேல் தொலைக்காட்சி, மின்கெண்டி, அடியில் சிறு குளிர்பெட்டி. குளியலறை முழுவதும் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற பிளாஸ்டிக் அறை. தரையிலிருந்து ஒரு படி உயரத்தில் இருக்கும் அதன் வாசலில் முதியவர்கள் தடுக்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. தொட்டி ஆழமானது, ஆனால் நீளம் குறைவு; அதற்குள் ஏறி நின்றுதான் குளிக்க வேண்டும். மூட்டுவலி உள்ள பெற்றோரை அழைத்துச் செல்பவர்கள், தொட்டியின் விளிம்பைக் கடந்து காலை எடுத்து வைப்பது அவர்களுக்கு இயலுமா என்பதை யோசித்து, முடியாதென்றால் தனிக் குளியல் அறையுள்ள அறைவகையைத் தேடுவது அவசியம். இதைத் தவிர, அந்த 12 சதுர மீட்டரில் குறை சொல்ல ஏதுமில்லை. விரிப்பில் ஒரு முடி இல்லை, வெந்நீர் எந்த நேரத்திலும் உடனே வந்தது, கழிவறையில் நீர் பீய்ச்சும் வசதி இருந்தது. நம்மவர்களுக்கு அந்தக் கடைசி வசதி ஐரோப்பிய நகரங்களில் கிடைக்காத நிம்மதி.

குறைகள் இரண்டு. புகை பிடிக்காதோர் அறை என்று குறிப்பிட்டே முன்பதிவு செய்திருந்தாலும், அந்தத் தளத்தின் நடைகூடத்தில் பழைய சிகரெட் வாடை தங்கியிருந்தது. வேறு தளத்தில் அறை கேட்டபோது முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். மற்றொன்று ரயிலின் ஓசை. டோசாய் பாதை சுரங்கப்பாதை என்றாலும் மினாமி-சுனாமாச்சியைத் தாண்டியதும் தரைக்கு மேலே வந்து, அரகாவா ஆற்றை ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான பாலத்தில் கடந்து, நிஷி-கசாயில் உயர்மட்ட நிலையமாக நிற்கிறது. மேம்பாலத்தை நோக்கிய சன்னல் என்றால் நள்ளிரவு தாண்டிக் கடைசி வண்டி போகும் வரையும், பிறகு அதிகாலை முதல் வண்டியிலிருந்தும் சத்தம் கேட்கும். இலேசான தூக்கம் உள்ளவர்கள் பாதைக்கு எதிர்ப்புறம் உள்ள அறையை முன்பதிவுக் குறிப்பிலேயே கேட்டுவிடலாம்.

முன்பதிவுப் பக்கங்களில் நம்மவர்கள் தடுமாறும் இடங்களையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய விடுதித் தளங்கள் பலவற்றில் காட்டப்படும் விலை அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரண்டு பேர் என்று மாற்றிப் பார்த்த பிறகே உண்மையான தொகை தெரியும். செமி-டபுள் என்று ஓர் அறைவகை இருக்கும். இருவருக்கு என்று விற்கப்பட்டாலும் கட்டிலின் அகலம் பெரும்பாலும் 120 முதல் 140 சென்டிமீட்டர்தான். தம்பதியர் சில நாட்கள் சமாளிக்கலாம்; தந்தையும் வளர்ந்த மகனும் படுக்க முடியாது. இரண்டு தனிக் கட்டில்கள் வேண்டுமென்றால் ட்வின் என்ற வகையையே தேர்ந்தெடுங்கள். பெற்றோருடன் ஒரே கட்டிலில் படுக்கும் சிறுவர்களுக்குப் பல விடுதிகள் கட்டணம் கேட்பதில்லை என்றாலும் வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறுகிறது. டோக்கியோ மாநகர அரசு 2002 முதல் விடுதி வரி வசூலிக்கிறது. ஒருவருக்கு ஓர் இரவு வாடகை 10,000 யென்னுக்குக் குறைவாக இருந்தால் வரி இல்லை, 10,000 முதல் 15,000-க்குள் என்றால் 100 யென், அதற்கு மேல் 200 யென் என்பதே இதுவரை இருந்துவரும் முறை.

அறைக்குள் சமைத்துக்கொள்ளலாம் என்று சிறிய மின்சார ரைஸ் குக்கரைப் பெட்டியில் எடுத்துச் செல்லும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. நிஷி-கசாயில் அதற்கு இரண்டு தடைகள். பிசினஸ் ஹோட்டல்களில் அறைக்குள் சமைப்பதற்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் ஜப்பானின் மின்னழுத்தம் 100 வோல்ட் என்பதால், 230 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்ட நம் குக்கர் சரியாகச் சூடேறாது. செல்பேசி, மடிக்கணினி மின்னேற்றிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. தட்டையான இரு முனைச் செருகிக்கான அடாப்டர் மட்டும் போதும்.

சமைக்கத் தேவையே ஏற்படாது என்பதுதான் இந்தப் பகுதியின் பெரிய ஆறுதல். ஜப்பானில் சைவம் உண்பவருக்கு உள்ள இடர் கண்ணுக்குத் தெரியாதது: காய்கறி மட்டும் மிதக்கும் உதோன் நூடுல்ஸின் சாறும், விடுதிக் காலை உணவின் மிசோ சூப்பும் பெரும்பாலும் உலர்த்திய கட்சுவோ மீனை ஊறவைத்த சாற்றில் செய்யப்பட்டவை, பணியாளரிடம் இறைச்சி உண்டா என்று கேட்டால், மனமறிந்து பொய் சொல்லாமலேயே, இல்லை என்பார். நிஷி-கசாயில் இரவு திரும்பும்போது இப்படிக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டிய நிலை இல்லை. நிலையத்தின் இருபுறமும் வட இந்திய உணவகங்களும், தோசையும் சாம்பாரும் பரிமாறும் தென்னிந்திய உணவகங்களும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. தோசை நம் ஊர்ச் சுவையோடு ஒப்பிடக் கூடியதாகவே இருந்தது. சாம்பாரில் புளி சற்றுக் குறைவு, காபி அத்தனை திடமில்லை. மளிகைக் கடையில் பருப்பும் மசாலாவும் நொறுக்குத் தீனியும் கிடைக்கின்றன. தெருமுனைக் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் இனிப்பில்லாத தயிர் வாங்கி, விடுதிக் காலை உணவில் தரும் சோற்றோடு சேர்த்தால், வெளியே கிளம்பும் முன் தயிர்சாதம் தயார். முதிய பெற்றோருக்கு அந்த ஒரு வேளை உணவு தரும் தெம்பை நான் கண்கூடாகப் பார்த்தேன்.

அக்கம்பக்கத்தில் பார்க்க ஒன்றுமே இல்லையோ என்று கேட்பவர்களுக்கு: நிலையத்துக்கு வடக்கே நடந்தால் வரும் கியோசென் பூங்காவில் வட்டார நிர்வாகம் நடத்தும் சிறிய விலங்குக்காட்சிச் சாலைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை விடுமுறை. குழந்தைகள் முயலைத் தொட்டுப் பார்க்கவும் ஓர் இடம் உண்டு. அதே வளாகத்தில் குளத்தோடு அமைந்த ஜப்பானியத் தோட்டமும் இருக்கிறது. அடுத்த நிலையமான கசாயின் மேம்பாலத்துக்குக் கீழே மெட்ரோ அருங்காட்சியகம் இருக்கிறது. தெற்கே பேருந்தில் போனால், கடலை ஒட்டிய கசாய் ரின்காய் பூங்காவும், 1989-இல் திறக்கப்பட்ட அதன் நீர்வாழ் உயிரினக் காட்சியகமும், 117 மீட்டர் உயர ராட்சத ராட்டினமும் வரும். பெரிய தொட்டியில் சூரை மீன்கள் கூட்டமாகச் சுற்றிச் சுற்றி நீந்துவதை அந்தக் காட்சியகத்தில் வெகுநேரம் நின்று பார்க்கலாம். அங்கே விடுமுறை புதன்கிழமை.

யாருக்கு இந்த இடம் பொருந்தாது என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஷிபுயா, ஷின்ஜுகு பக்கமே பெரும்பாலான நேரத்தைக் கழிக்கப் போகிறவர்களுக்கும், நள்ளிரவு தாண்டி ஊர் சுற்ற விரும்புகிறவர்களுக்கும் இது வேண்டாம். நகரத்தின் அந்த மூலையிலிருந்து திரும்ப முக்கால் மணி நேரம் வரை ஆகலாம், கடைசி வண்டியைத் தவறவிட்டால் டாக்ஸிச் செலவு அறை வாடகையில் மிச்சம் பிடித்ததையெல்லாம் கரைத்துவிடும். புயல் வரும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் செல்பவர்களுக்கும் ஒரு சொல். எடோகாவா தாழ்வான நிலம். அதன் பரப்பில் சுமார் 70 சதவீதம் கடல் ஓதத்தின்போது நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. 2019-இல் வட்டார நிர்வாகமே வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையில், பெருவெள்ளம் வருமென்றால் இங்கே இருக்கக் கூடாது என்று மக்களிடம் நேரடியாகச் சொல்லியிருந்தார்கள். பயப்படத் தேவையில்லை, ஆனால் கடும் புயல் எச்சரிக்கை வந்தால் விடுதி முன்மேசையில் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். பலத்த காற்றில் ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் மெதுவாக ஓடுவதும் நிறுத்தப்படுவதும் உண்டு என்பதால், அன்று விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் நேரத்தோடு கிளம்புங்கள்.

கடைசியாக, எந்த நாளில் தங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து விலை பெரிதும் மாறும். டோக்கியோ டிஸ்னிலாந்து இங்கிருந்து மிக அருகில் இருப்பதால், சனிக்கிழமை இரவுகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் உள்ளூர்க் குடும்பங்களே இந்த விடுதிகளை நிரப்பிவிடுகின்றன. ஏப்ரல் இறுதியில் தொடங்கும் பொன் வார விடுமுறையிலும், முன்னோரை நினைவுகூர ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் நாட்களிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை இரவில் தொடங்கி வெள்ளிக்கிழமை காலையில் வெளியேறும்படி டோக்கியோ நாட்களை அமைத்து, சனிக்கிழமையை வேறு ஊருக்கு வைத்துக்கொண்டால் இதே அறை கணிசமாக மலிவாகக் கிடைக்கும். கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய வகையில் முதலில் பதிவு செய்து வைத்துவிட்டு, பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பு அதே விடுதியின் சொந்தத் தளத்தில் விலையை ஒருமுறை மீண்டும் பாருங்கள். உறுப்பினர்களுக்கான தள்ளுபடி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.